எர்த்

கோத்தகிரியில், ஹார்டுவேர் கடைக்கு மேலே
எங்கள் வயர்லெஸ் சங்கம்.
சனிக்கிழமை ஐந்து மணி. ஏழு பேர், ஒரு செட்,
காகிதப் பையில் வர்க்கி.
பனிமூட்டம் மட்டும்தான் சந்தா கட்டாமல் உள்ளே வரும்.

பரிபூரணம் சந்தா கட்டிவிட்டு வந்தார்.
கொழுந்து பறிக்கிற வேலை, நாற்பத்தாறு வயது,
புடவைக்கு மேல் ஆண்கள் ஸ்வெட்டர்.
எடை குறிக்கும் நோட்டைத் திருப்பிவைத்து
கடைசிப் பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தார்.
போன நவம்பரில் லயத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே மண் இறங்கி
இரண்டு நாள் செல்போன் செத்துக் கிடந்ததாம்.
அதனால் இதைக் கற்க வேண்டுமாம்.

லிங்கராஜ் ஆன்டெனாவைப் பற்றி
அரைமணி நேரம் பேசி முடித்ததும் கை தூக்கினார்:
"எர்த்து எர்த்துன்னு சொல்றீங்களே சார்,
அது இந்த மண்ணுதானா, வேற ஏதாச்சுமா?"

நான்தான் முதலில் சிரித்தேன்.

பிறகு எல்லாரும். கெட்ட சிரிப்பில்லை என்று
அன்றிரவு எனக்கே சொல்லிக்கொண்டேன்.
"முதல் அத்தியாயம்மா," என்றார் எட்வின்,
மடியில் விழுந்த வர்க்கித் தூளைத் தட்டியபடி.
"கேக்கறதுக்கு முன்னாடி ஒருதடவை படிச்சுட்டு வாங்க."
அவர் 'முதல் அத்தியாயம்' என்று எழுதிக்கொண்டார்.
அடிக்கோடும் போட்டார்.

ஆறு வருஷம் முன்பு, மழையில் ஆன்டெனாவைத் தொட்டால்
ஷாக் அடிக்குமா என்று இதே அறையில் கேட்டவன் நான்.
அன்றைக்குக் கிடைத்த சிரிப்பை
பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டு மாதிரி
மடித்து வைத்திருந்தேன் போல.
செல்லாது என்று தெரியாமல்
அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

அடுத்த சனி அவர் வரவில்லை.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
ஒரு வர்க்கி மிஞ்சியது, லிங்கராஜ் தின்றார்.

அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து
முதல் அத்தியாயத்தைத் திறந்தேன்.
"கருவியை முறையாக எர்த் செய்யவும்."
அவ்வளவுதான்.
எர்த் என்றால் பச்சை வயர். எனக்குத் தெரிந்ததும்
அவ்வளவுதான்.
சரி, பச்சை வயர் எங்கே போகிறது?
செட்டின் முதுகிலிருந்து ஜன்னல் சட்டத்தில் ஓர் ஓட்டை,
ஓட்டையிலிருந்து வெளிச்சுவர், சுவரோடு இறங்கி
பெயின்ட் டப்பாக்கள் அடுக்கிய பின்கட்டு.
அங்கே, முழங்கால் உயரத்தில்,
வெட்டுப்பட்டு அந்தரத்தில் தொங்கியது.
நுனியில் ஒரு நத்தை.

வெள்ளையடிக்க வந்தவன் அறுத்திருப்பான்,
மூன்று வருஷம் இருக்கும் என்றார் கடைக்காரர்.
மூன்று வருஷம். அத்தனை ஐப்பசி இடிக்கும் நடுவே
ஏழு பேர் அறிவும் காற்றில்தான் ஆடியிருக்கிறது.

மேலே போய்ச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.
செம்புக் கம்பி, கரி, கல்லுப்பு,
டார்ச் வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் குழி தோண்டினோம்.
அந்த அம்மா கேட்டதால்தானே என்று
எட்வின் சொல்வார் என்று பார்த்தேன்.
நான் சொல்வேன் என்று அவரும் பார்த்திருக்கலாம்.

மூன்றாம் சனி பரிபூரணம் வந்துவிட்டார்.
போன வாரம் பஸ் வரலையாம், வேறொன்றுமில்லையாம்.
திருப்பூரில் இருக்கும் மகனிடம் சொல்லி
புத்தகம் வரவழைத்திருந்தார்.
"முதல் அத்தியாயம் படிச்சேன் சார். அதுல இல்லியே."

"பச்சை வயர்" என்று தொடங்கிய என் வாய்
அங்கேயே நின்றது.
கீழே கூட்டிப் போனேன். தூறலில்
கம்பி நட்ட இடத்தைக் காட்டினேன்.
குனிந்து தொட்டுப் பார்த்தார்.
"அப்ப மண்ணுதான்."
"மண்ணுதாங்க."
"நம்ம ஊரு மண்ணு நிக்காதே சார்.
மழைக்கு ஓடிருமே. அப்ப என்ன செய்வீங்க?"

அண்ணாந்து பார்த்தேன்.
மாடி ஜன்னலில் ஆறு தலைகள்.
யாரிடமும் அத்தியாயம் இல்லை.
லிங்கராஜ் மட்டும் பாதி உடம்பை வெளியே நீட்டி,
"இன்னொருதடவை சொல்லுங்கம்மா,
இங்க சரியா கேக்கலை" என்றார்.